பூனை வழி

திருமுல்லைவாயில்
3.8.2025, ஞாயிறு

அன்புள்ள ஹேமாவுக்கு,

நான் சௌக்கியம். உன் சௌக்கியமும், தாட்சாயிணியின் முழங்கால் சௌக்கியமும் தெரிய வேண்டும். "போனில் நீங்கள் பேசுவதைக் கேட்க முடியவில்லை, சொல்ல வேண்டியதை எழுதி அனுப்புங்கள்" என்று சொல்லிவிட்டு அக்கா வீட்டுக்குப் போனாய். எழுதுகிறேன். ஏழு ஸ்டேஷன் தள்ளி வேப்பம்பட்டில் இருக்கும் பெண்டாட்டிக்குத் தபால் போடுகிறவன் இந்தக் காலத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். தபால் ஆபீஸ் பெண் ஸ்டாம்பைக் கொடுத்துவிட்டு என் முகத்தை இரண்டு தரம் பார்த்தாள்.

இன்று ஆடிப்பெருக்கு. உன் ஊர் அல்லிப்பேட்டுக் குளத்தில் ஞாயிறு குழு ஆட்கள் இருபத்திரண்டு பேர் இறங்கினோம். பிளாஸ்டிக்கை அள்ள அள்ள அடியில் மூன்று படி தெரிந்தது. அத்தனையும் கருங்கல், ஒன்றுகூட அசையவில்லை. நம் பிளாட் ஸ்ரீகாந்த் சேற்றில் உட்கார்ந்து அந்தப் படியைக் கையால் தேய்த்துக்கொண்டே இருந்தான். கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற பையன், நகம் எல்லாம் கறுப்பு.

இப்போது முக்கியமான சேதி. உன் கஜபதி சித்தப்பா பழைய வீட்டின் சாவியைக் கொடுத்துவிட்டார். நீ பிறந்த வீடு, பதினோரு வருஷமாகப் பூட்டிக் கிடந்தது. அவர் சம்மதித்ததும் தெருவில் இன்னும் இரண்டு வீட்டுக்காரர்கள் சரி என்றார்கள். ஓடு மாற்றிவிட்டோம். அக்டோபர் ஐந்தாம் தேதி ஞாயிற்றுக்கிழமை மூன்று வீட்டையும் பொதுமக்கள் பார்க்கத் திறக்கிறோம். அப்புறம் கூடத்தில் நூலகம், சாயங்காலம் பிள்ளைகளுக்கு டியூஷன். இடித்து பிளாட் கட்டலாம் என்று காரில் வந்து வந்து போகிறவர்களுக்கு இனி அந்தத் தெருவில் வேலை இருக்காது.

பின்பக்கத்தில் ஒட்டினாற்போல ஒரு சின்ன அறை இருக்கிறதே, விதை அறை, அதை நானே அளந்தேன். ஆறடிக்கு நாலரை அடி. பரப்பளவு எவ்வளவு என்று உன்னைக் கேட்க மாட்டேன். பத்தாவது கணக்கில் கோட்டை விட்டவளிடம் கேட்டு என்ன பயன்.

எனக்கென்று ஓர் ஊர் கிடையாது என்று உனக்குத் தெரியும். அப்பாவுக்கு ரயில்வே வேலை. குவார்ட்டர்ஸ் குவார்ட்டர்ஸாக வளர்ந்தவன். உன் ஊரை என் ஊராக எடுத்துக்கொண்டேன் என்று வைத்துக்கொள். திறப்பு அன்று நீதான் விளக்கேற்ற வேண்டும்.

அன்புடன்,
ராகவன்


வேப்பம்பட்டு
11.8.2025

லோகேஷ் அப்பாவுக்கு,

கடிதம் கிடைத்தது. அக்கா இப்போது வாக்கரை விட்டுவிட்டு கேட் வரை நடக்கிறாள். கேட்டில் நின்று போகிறவர் வருகிறவர் எல்லாருக்கும் ஆபரேஷன் கதை சொல்கிறாள். மருத்துவர் அரை மணி நேரம் நடக்கச் சொன்னார், இவள் அரை மணி நேரம் பேசுகிறாள்.

பிரஷர் மாத்திரையை ராத்திரிக்கு மாற்றச் சொன்னார்களே, மாற்றினீர்களா. சேற்றில் இறங்கிவிட்டு அந்தக் காலோடு வீட்டுக்குள் வராதீர்கள். மாவு ரப்பர் டப்பாவில் இருந்தால் புளித்துப் போகும், எவர்சில்வருக்கு மாற்றுங்கள்.

நான் வந்து நாலு மாசம் ஆகிறது. அக்காவின் முழங்கால் இரண்டு மாசத்தில் சரியாகிவிட்டது. ஏன் இன்னும் வரவில்லை என்று நீங்கள் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. முழங்கால் என்று நான் சொன்னேன், முழங்கால் என்றே நீங்களும் வைத்துக்கொண்டீர்கள். குளத்தில் மூன்று படி தெரிந்தது உங்களுக்குப் பெரிய சேதி. இது தெரியவில்லை.

விளக்கேற்ற வேறு ஆளைப் பாருங்கள். உங்கள் குழுவில் சபீனா நன்றாகப் பேசுவாள், அவளைக் கூப்பிடுங்கள்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். வீட்டை என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளுங்கள். அந்தப் பின்பக்கத்து அறையை மட்டும் தொடாதீர்கள். அது தானாக இடிந்து விழுந்தால் விழட்டும்.

இப்படிக்கு,
ஹேமாவதி


திருமுல்லைவாயில்
24.8.2025

அன்புள்ள ஹேமாவுக்கு,

மாத்திரை மாற்றியாயிற்று. மாவும் மாற்றியாயிற்று. உன் கடிதம் வருவதற்குள் அந்த அறை வேலை முடிந்துவிட்டது. நீ கோபப்படாமல் கேட்க வேண்டும்.

கொத்தனாரைக்கூட விடாமல் நானே செய்தேன். மண்சுவரில் சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளேயே நின்றுவிடும் என்று சுண்ணாம்பு ஊறவைத்துப் பூசினேன். பத்து நாள் பிடித்தது. முதுகு போயிற்று. கதவின் தாழ்ப்பாள் துருப்பிடித்து உதிர்ந்திருந்தது. கரையான்சாவடியில் ஒரு பட்டறையில் பழைய மாதிரியே அடித்து வாங்கிவந்து மாட்டினேன்.

சுவரில் தரையை ஒட்டி ஒரு துளை இருக்கிறது, ஒரு தட்டு நுழைகிற அளவு. எனக்குப் புரியவே இல்லை. காற்றுக்கு என்றால் மேலே அல்லவா இருக்க வேண்டும். சித்தப்பாவைக் கேட்டேன். முற்றத்துப் பக்கம் திரும்பி, "அது பூன போறதுக்கு மாப்ள. உள்ள வெத நெல்லு கீதுன்னா எலி வராதா? பூன பூந்து புடிச்சிகினு போவும்" என்றார். எவ்வளவு யோசித்துக் கட்டியிருக்கிறார்கள் பார். நாற்பது வருஷம் கட்டடப் படம் வரைந்து பிழைத்தவனுக்கு இது தோன்றவில்லை.

துளையின் விளிம்பு சிதைந்திருந்தது. சுண்ணாம்பு வைத்து வழவழவென்று உருட்டிவிட்டேன். போர்டும் எழுதி மாட்டியாயிற்று: "விதை அறை. சுவரில் காண்பது பூனை வழி." பார்த்தவர்கள் எல்லாரும் அதைத்தான் போட்டோ எடுக்கிறார்கள். சபீனா அதன் முன்னால் படுத்தே எடுத்தாள்.

இவ்வளவு அழகான அறையை ஏன் இடியட்டும் என்றாய் என்று எனக்கு விளங்கவில்லை. நீ ஏன் வரவில்லை என்றும் கேட்கிறேன். கேட்கவில்லை என்று எழுதியிருந்தாய். இதோ கேட்டுவிட்டேன்.

அன்புடன்,
ராகவன்


வேப்பம்பட்டு
2.9.2025

லோகேஷ் அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு நாள் சாமி அலமாரியில் வைத்துவிட்டு இன்றுதான் பதில் எழுத உட்கார்ந்தேன். அக்காவுக்கும் படித்துக் காட்டினேன். பூனை வழி என்ற இடத்தில் அவள் சிரிக்க ஆரம்பித்தாள், அப்புறம் எழுந்து உள்ளே போய்விட்டாள்.

அந்த வீட்டில் விதை நெல்லைக் கூடத்துப் பரணில் வைப்பார்கள். பின்பக்கத்து அறையில் எங்களை வைத்தார்கள். அம்மா, கண்ணம்மா சித்தி, அக்கா, நான். தூரமானால் மூன்று நாள் அங்கேதான். நீங்கள் உருட்டி விட்டிருக்கிற துளை வழியாகச் சோற்றுத் தட்டு உள்ளே வரும். தட்டைக் கழுவி வெளியே வைக்க வேண்டும். யார் கையும் யார் மேலும் படாமல் இருப்பதற்காகத்தான் அது தரையை ஒட்டி இருக்கிறது.

எல்லா வீட்டிலும் ஏதோ ஒரு மூலை இருந்தது, இதற்காக நான் அழுது வடியவில்லை. 1984 பங்குனியில் நடந்ததைச் சொல்கிறேன். பொன்னியம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டியிருந்தார்கள். அந்த வருஷம் கரகம் எடுப்பது கஜபதி சித்தப்பா. செவ்வாய்க்கிழமை அவர் கையில் மஞ்சள் துணி கட்டினார்கள், புதன்கிழமை நான் தூரமானேன். வியாழக்கிழமை பத்தாம் வகுப்புக் கணக்குப் பரீட்சை. காப்புக் கட்டின தெருவில் தூரமான பெண் நடந்தால் கரகம் எடுக்கிறவருக்கு ஆகாது என்று தாத்தா சொன்னார். பின்சந்து வழியாக ஓடிவிடுகிறேன் என்று கெஞ்சினேன். நான் ஓடிவிடுவேன் என்று பயந்து சித்தப்பா வெளியே தாழ்ப்பாள் போட்டார். ஆவடி பஸ் ஹாரன் அடித்துவிட்டுப் போனதைக் கேட்டேன். ஹால் டிக்கெட் என் கையில் இருந்தது.

அக்டோபரில் எழுதலாம் என்று டீச்சர் வீட்டுக்கே வந்து சொன்னார். தாத்தா படித்தது போதும் என்றுவிட்டார்.

கணக்கில் எனக்குத் தொண்ணூறுக்குக் கீழே வந்ததே இல்லை. கல்யாணம் பேச வந்தபோது பெண் கணக்கில் தவறிவிட்டாள் என்று உங்கள் வீட்டில் சொன்னது சித்தப்பாதான். முப்பத்தைந்து வருஷமாக விருந்தாளிகள் முன்னால் அதைச் சொல்லிச் சிரித்தீர்கள், நானும் சேர்ந்து சிரித்தேன். மறுத்துச் சொன்னால் காரணம் சொல்ல வேண்டும். சொல்லக் கூச்சமாக இருந்தது. அப்புறம் பழகிவிட்டது.

ரிட்டயர் ஆனதும் நீங்கள் அந்த ஊரைக் கையில் எடுத்தீர்கள். காலையில் எழுந்ததும் அல்லிப்பேடு, சாப்பிடும்போது அல்லிப்பேடு. அந்தக் காலத்து ஜனங்கள் எவ்வளவு நன்றாக வாழ்ந்தார்கள் என்று என்னிடமே சொன்னீர்கள். அதைக் கேட்க முடியாமல்தான் இங்கே வந்தேன். முழங்கால் ஒரு சாக்கு.

ஆறடிக்கு நாலரை என்றால் இருபத்தேழு சதுர அடி.

ஹேமாவதி


திருமுல்லைவாயில்
8.9.2025

ஹேமா,

எப்படி மன்னிப்புக் கேட்பது என்று தெரியவில்லை. வெறும் வார்த்தையாகத்தான் கேட்கிறேன். மன்னித்துவிடு. இருபத்தேழு என்று எழுதியிருந்ததைப் படித்ததும் எனக்கு வெட்கமாகிவிட்டது. அன்றே போய் போர்டைக் கழற்றினேன்.

சித்தப்பாவிடமும் போனேன். உன் கடிதத்தைப் படித்துக் காட்டவில்லை, விஷயத்தை மட்டும் சொன்னேன். மறுக்கவில்லை. கீழே பார்த்துக்கொண்டே, "பழசெல்லாம் இன்னாத்துக்கு மாப்ள கெளர்றீங்க? நாலு பேர் வந்து பாக்கற ஊட்ல இத எய்தி மாட்னா எங்க மூஞ்ச எங்க வெச்சிக்கறது? அப்டி எய்தறதுன்னா சாவிய குட்த்துருங்க" என்றார். குரல் உயரவே இல்லை.

அவர் பூட்டினால் மற்ற இரண்டு வீடும் பூட்டிவிடும், உனக்கே தெரியும். நூலகத்துக்குப் புத்தகம் வந்து இறங்கிவிட்டது. சனி ஞாயிறு தூங்காமல் உழைத்த பிள்ளைகள் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கிறது. அதனால் எனக்கு ஒன்று தோன்றுகிறது. அந்த அறைக்குப் போர்டே வேண்டாம். விதை அறை என்றும் எழுத வேண்டாம், வேறு எதுவும் எழுத வேண்டாம். பொய் இருக்காது, சித்தப்பாவுக்கும் சங்கடம் இருக்காது. நீ சரி என்றால் அப்படியே செய்கிறேன்.

ராகவன்


வேப்பம்பட்டு
14.9.2025

லோகேஷ் அப்பாவுக்கு,

நாற்பத்தொரு வருஷமாகப் போர்டு இல்லாமல்தான் இருந்தது. இன்னும் கொஞ்ச நாள் இருந்தால் ஒன்றும் ஆகிவிடாது. என் சம்மதம் எதற்கு.

நான் இங்கேயே இருந்துகொள்கிறேன் என்று லோகேஷுக்குச் சொல்லிவிட்டேன். தீபாவளிக்கு வரும்போது இரண்டு இடத்துக்கும் வந்து போகட்டும். என் கறுப்பு கம்பளியையும் கண்ணாடிக் கூட்டையும் அவனிடம் கொடுத்து அனுப்புங்கள்.

மாத்திரையை மறக்க வேண்டாம்.

ஹேமாவதி


திருமுல்லைவாயில்
7.10.2025

அன்புள்ள ஹேமாவுக்கு,

உன் கடிதத்துக்கு மூன்று வாரமாகப் பதில் போடவில்லை. நாலு தடவை ஆரம்பித்துக் கிழித்தேன். திறப்பு விழா முடிந்துவிட்டது. என்ன நடந்தது என்று வேறு யாரும் உனக்குச் சொல்வதற்கு முன் நான் சொல்லிவிட வேண்டும்.

அறுபது பேருக்கு மேல் வந்தார்கள். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லியில் இருந்தெல்லாம் குடும்பத்தோடு வந்திருந்தார்கள். வீட்டைச் சுற்றிக் காட்டுவது என் பொறுப்பு. கூடம், முற்றம், பரண் என்று காட்டிக்கொண்டே பின்பக்கம் வந்தேன். பேசாமல் தாண்டிப் போய்விடுவது என்றுதான் திட்டம். பாதி வழியில் ஓர் அம்மா குனிந்து பார்த்து, "சார், இது இன்னா ஓட்ட, கீழ இருக்குது?" என்றார்.

அந்த நிமிஷம் வரை என்ன சொல்லப் போகிறேன் என்று எனக்கே தெரியாது. சித்தப்பா கூட்டத்தில் வெள்ளைச் சட்டையோடு நின்றார். நான் சொல்லிவிட்டேன். "இது சோற்றுத் தட்டு தள்ளுவதற்கு. தூரமான பெண்களை இங்கே உட்கார வைப்பார்கள். என் மனைவி இந்த அறையில் இருந்ததால் பத்தாம் வகுப்புக் கணக்குப் பரீட்சை எழுத முடியவில்லை. அவள் கணக்கில் கெட்டிக்காரி. அது தெரியாமல் முப்பத்தைந்து வருஷம் அவளைக் கேலி செய்தேன். போன மாசம் வரை இதைப் பூனை வழி என்று எல்லாருக்கும் காட்டியதும் நான்தான்." தாழ்ப்பாள் போட்டது யார் என்று சொல்லவில்லை. அதைச் சொல்ல வேண்டியவன் நான் இல்லை என்று பட்டது.

கேட்ட அம்மா அந்தச் சுவரிலேயே கை வைத்து நின்றார். திரும்பிப் பார்த்தபோது சித்தப்பா இல்லை. மறுநாள் காலை வாசலில் புதுப் பூட்டு. மதியத்துக்குள் மற்ற இரண்டு வீட்டுக்காரர்களும் சாவியைத் திருப்பிக் கேட்டுவிட்டார்கள். புத்தகப் பெட்டிகள் இப்போது நம் ஹாலில் இருக்கின்றன, சோபா வரை அடுக்கியிருக்கிறேன். ஸ்ரீகாந்த் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. "ஆறு மாச வேலை சார், ஒரு வார்த்தை எங்ககிட்ட சொல்லிட்டுப் பண்ணியிருக்கலாம்" என்றான். அவன் சொன்னது நியாயம். நேற்று தெருவில் அந்த பிளாட் கட்டுகிறவர்களின் கார் நின்றது.

திறப்பு அன்று சாயங்காலமே கண்ணம்மா சித்தி நம் வீட்டுக்கு வந்தார். மூன்று மாடி ஏறி, மூச்சு வாங்கிக்கொண்டு. தண்ணீர்கூடக் குடிக்காமல், "நானும் அந்த ரூம்புல குந்திகினு இருந்தவதான் மாப்ள. அவளுக்குச் சோறு தள்னதும் நாந்தான். பரிச்சன்னு தெரிஞ்சும் தாப்பாளத் தெறக்கல. ஆம்பள ஒருத்தர் இத வாயத் தொறந்து சொல்லி இன்னிக்குத்தான் கேட்டேன்" என்றார். அப்புறம் இறங்கிப் போய்விட்டார்.

நீ திரும்பி வர வேண்டும் என்பதற்காக இதை எழுதவில்லை. நீ வராவிட்டாலும் சொன்னது சொன்னதுதான். அந்த வீடு போனதில் எனக்கு வருத்தம் இருக்கிறது, இல்லை என்றால் பொய். ஆனால் உன்னிடம் அந்தக் கடிதத்தில் போர்டே வேண்டாம் என்று கேட்டதுதான் அதைவிடப் பெரிய வருத்தம். கம்பளியும் கண்ணாடிக் கூடும் எடுத்துவைத்திருக்கிறேன்.

அன்புடன்,
ராகவன்


வேப்பம்பட்டு
14.10.2025

லோகேஷ் அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு நன்றாக அழுதேன். அவ்வளவு ஆசையாகச் செய்த வீட்டை விட்டுவிட்டு என் பக்கம் நின்றீர்கள். அதற்கு என்ன எழுதுவது என்று தெரியாமல் இருந்தபோது நேற்று முன்தினம் கஜபதி சித்தப்பா வந்தார்.

தனியாக ரயிலில் வந்திருந்தார். எழுபது வயசில் வியர்த்துப் போய். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து அக்காவின் முழங்காலை விசாரித்தார். மழை வருமா என்று கேட்டார். காபி குடித்தார். வீட்டில் கண்ணம்மா சித்தி ஒரு வாரமாக அவரோடு பேசவில்லையாம். டம்ளரைக் கீழே வைத்துவிட்டுத்தான் என்னைப் பார்த்தார்.

"அன்னிக்கி கணக்குப் பரிச்சன்னு எனக்குத் தெரியாதும்மா" என்றார். அப்புறம் அவராகவே, "தெரிஞ்சிருந்தாலும் போட்டுத்தான் இருப்பேன். அப்பல்லாம் அப்டித்தான் கீறது" என்றார்.

மன்னிப்புக் கேட்கவில்லை. நானும் போனால் போகிறது என்று சொல்லவில்லை. ஆனால் அந்த இரண்டாவது வாக்கியத்தைச் சொன்னதால் எனக்கு அவர் மேல் இருந்த கோபம் கொஞ்சம் குறைந்தது. தெரியாது என்பதோடு நிறுத்தியிருந்தால் குறைந்திருக்காது. எழுந்திருக்கும்போது சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து டம்ளர் பக்கத்தில் வைத்தார். "இன்னா எய்தணுமோ நீ எய்து. எம் பேரு மட்டும் வேணாம்" என்றார். சரி என்றேன். எல்லா வீட்டிலும் ஒருவர் தாழ்ப்பாள் போட்டிருக்கிறார், இவர் ஒருத்தர் பெயரை எழுதி என்ன ஆகப் போகிறது.

போர்டில் எழுத வேண்டியதை நானும் அக்காவும் சேர்ந்து முடிவு செய்தோம். நீங்கள் திருத்தாமல் அப்படியே எழுத வேண்டும்.

"இந்த அறையில் வீட்டுப் பெண்கள் மாதம் மூன்று நாள் இருந்தார்கள். சோறு இந்தத் துளை வழியாக வந்தது. 1984 பங்குனியில், பரீட்சை நாளில், ஹேமாவதி இங்கே இருந்தாள். அவளுக்கு முன்னால் இருந்தவர்கள் பெயர் கேட்டால் சொல்வோம்."

கடைசி வரி அக்காவுடையது. பெயர்களைச் சொல்ல நான் அங்கே இருக்க வேண்டும் அல்லவா. மாதம் இரண்டு ஞாயிறு நான் வந்து நின்று சொல்கிறேன். நீங்கள் கூடம், முற்றம், பரண் வரைக்கும் பேசிக்கொள்ளுங்கள், பின்பக்கம் என்னுடையது. ஸ்ரீகாந்திடம் நீங்களே முதலில் போய்ப் பேசுங்கள், சின்னப் பையன் என்று பார்க்காதீர்கள். டியூஷன் ஆரம்பித்தால் கணக்கு யார் எடுக்கப் போகிறார்கள் என்று இன்னும் முடிவு செய்யவில்லை என்றால், செய்ய வேண்டாம்.

தீபாவளி திங்கட்கிழமை. லோகேஷ் முதல் நாள் சாயங்காலம் வருகிறானாம். வீடு முழுக்கப் புத்தகப் பெட்டி என்றால் அவன் எங்கே படுப்பான், சோபாவைக் காலி செய்யுங்கள். நான் ஞாயிறு காலை ஒன்பதே முக்கால் வண்டியில் ஏறுகிறேன். அக்கா அதிரசமும் முறுக்கும் டின் டின்னாகக் கட்டிக்கொண்டிருக்கிறாள், துணிமணி வேறு. பை இரண்டும் நல்ல கனம். ஸ்டேஷனில் வந்து நில்லுங்கள்.

ஹேமாவதி